வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் அரை மாரத்தான் பயிற்சியை ஊக்கம் குறையாமல் தொடர்வது எப்படி?

மூன்று வாரம் ஒழுங்காக ஓடுகிறேன், நான்காவது வாரம் அலுவலக வேலை எல்லாவற்றையும் கலைத்துவிடுகிறது, அப்புறம் மறுபடி ஆரம்பிக்க மனசே வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்களுக்கு ஊக்கம் குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்று வாரம் தூரத்தை ஏற்றி நான்காவது வாரம் குறைப்பது நெடுந்தூர ஓட்டப் பயிற்சியில் பரவலாக உள்ள முறைதான். ஓய்வாக எடுக்க வேண்டிய வாரத்தைத் தோல்வியாக நினைத்து வருந்துகிறீர்கள், அவ்வளவுதான்.

நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாதக் கடைசியிலும் அடுத்த மாதத்தின் முதல் சில நாட்களிலும் எத்தனை மணிக்கு வீடு திரும்புவேன் என்று எனக்கே தெரியாது. முதல் அரை மாரத்தானுக்குப் பதிவு செய்திருந்த சமயம், அப்போதைய மேலாளர் என் மேஜைக்கு அடியில் இருந்த ஷூவைப் பார்த்துவிட்டார். எல்லோர் முன்னாலும், “ஓடுறதுக்கு நேரம் இருக்கு, ரிப்போர்ட் முடிக்க நேரம் இல்லையாம்மா?” என்றார். ரிப்போர்ட் ஏற்கெனவே அவருடைய இன்பாக்ஸில் இருந்தது. அவர்தான் திறந்து பார்க்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் வார இறுதியில் 200 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துவிட்டு வந்தால் அதே மேலாளர் முதுகில் தட்டிக் கொடுப்பார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் அதிகாலையில் எழுந்து ஓட முடியும்? அதனால் வேறு வழி செய்தேன். வீட்டில் மாதக் காலண்டரை எடுத்து முதலில் கணக்கு முடிக்கும் நாட்களைச் சிவப்பில் வட்டமிட்டேன். அடுத்து மகளின் தேர்வு நாட்கள், அப்புறம் என் கணவரின் இரவுப் பணி. மிச்சமிருந்த இடத்தில்தான் ஓட்டத்தைப் பென்சிலால் எழுதினேன். ஓய்வு வாரம் சரியாகச் சிவப்பு வட்டங்களின் மேல் விழுந்தது. அந்த வாரத்தில் லாங் ரன், அதாவது வாரத்தின் மிக நீண்ட ஓட்டம், கிடையாது. இரண்டே இரண்டு குறு ஓட்டம், ஒன்றில் மட்டும் நடுநடுவே சில நிமிடம் மூச்சு வாங்கும் வேகம். கணக்கு முடிந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை, பேசிக்கொண்டே ஓடக்கூடிய நிதானத்தில் ஒரு லாங் ரன். காலண்டர் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் தொங்குவதால் ‘நாளைக்கு நான் ஓடப் போகலாமா’ என்று யாரிடமும் தயங்கித் தயங்கிக் கேட்க வேண்டியதில்லை. எனக்கு அதுவே பெரிய விடுதலை.

ஒரு வாரம் குறைத்தால் உடல் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்ற பயம் வேண்டாம். ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர் 1980களின் தொடக்கத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார். வாரம் 6 நாள், நாளுக்கு 40 நிமிடம் கடுமையாகப் பயிற்சி செய்தவர்கள் வாரம் 2 நாளாகக் குறைத்தும், தீவிரத்தைக் குறைக்காததால் 15 வாரம் வரை அவர்களுடைய விஓ2 மேக்ஸ் (கடும் உழைப்பில் உடல் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன் அளவு) அப்படியே நின்றது. தாங்குதிறன் கதை கொஞ்சம் வேறு. அவருடைய இன்னொரு சோதனையில் நாளுக்கு 13 நிமிடமாக நேரத்தைக் குறைத்தவர்களுக்கு அது இறங்கியது. அதனால்தான் லாங் ரன்னை ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போட வேண்டாம் என்கிறேன்.

இதைப் படித்துவிட்டு, ‘மன உறுதி இருந்தால் எதையும் செய்யலாம், யூகி கவாவுச்சி முழுநேர வேலையில் இருந்துகொண்டே 2018 பாஸ்டன் மாரத்தானை ஜெயிக்கவில்லையா’ என்று ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார். ஜெயித்தார். கொட்டும் மழையில், குளிரில், எதிர்க்காற்றில் 2 மணி 15 நிமிடம் 58 நொடியில் ஓடி முடித்தார். அப்போது ஜப்பானின் சைதாமாவில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். அவர்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவருடைய பணி மதியத்தில்தான் தொடங்கியது. காலையில் பயிற்சியை முடித்துவிட்டு வேலைக்குப் போவார், பெரும்பாலும் நாளுக்கு ஒரே ஒரு முறைதான் பயிற்சி. தன் வேலை நேரத்துக்குள் அடங்குகிற பயிற்சியை அவர் கண்டுபிடித்தார். அதை விட்டுவிட்டு மன உறுதியை மட்டும் எடுத்துச் சொல்வது சரியில்லை. நான் பயிற்சியாளர் இல்லை, பதக்கத்துக்கு ஓடுகிறவர்களுக்கு இதைச் சொல்லவும் இல்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அறிவித்த நேர வரம்பு முடிய இன்னும் அவகாசம் இருக்கும்போதே தண்ணீர் மேஜைகளை எடுத்துவிடுகிற பந்தய அமைப்பாளர்கள் இருக்கிறார்கள். ஒரு பந்தயத்தில் நான் போய்ச் சேர்ந்தபோது காலி டம்ளர்களைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். முதலில் வருபவர் கட்டிய அதே கட்டணத்தைத்தான் நாங்களும் கட்டியிருக்கிறோம். வெயில் ஏறிய பிறகு ஓடுவதும் நாங்கள்தான், தண்ணீர் அதிகம் தேவைப்படுவதும் எங்களுக்குத்தான். மெதுவாக ஓடுபவர்களில் சிலர் ராத்திரி வேலையை முடித்துவிட்டு நேராக வந்தவர்கள் என்பது இவர்களுக்குத் தெரியுமா? எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை.

சரி, உங்கள் விஷயம். பந்தயத் தேதியையும் இதே காலண்டரை வைத்து முடிவு செய்யுங்கள். பந்தயத்துக்கு முந்தைய இரண்டு வாரம் தூரத்தைக் குறைத்து நன்றாகத் தூங்க வேண்டிய காலம். அது அலுவலக நெருக்கடியில் போய் விழுகிறதென்றால், கூட ஓடுகிற எல்லோரும் பதிவு செய்திருந்தாலும் அந்தப் பந்தயத்தை விட்டுவிடுங்கள். மாதத்தின் 20ஆம் தேதியை ஒட்டி வரும் பந்தயங்களுக்கு மட்டும்தான் நான் பதிவு செய்கிறேன்.