புதிய பாப்-அப் கேம்பரைக் கடனில் வாங்கலாமா?

கேள்வி: மிச்சிகனில் டெட்ராய்ட் அருகே வசிக்கிறோம். கோடையில் பிள்ளைகள் இருவருடன் மாநிலப் பூங்காக்களில் கூடாரமடித்துத் தங்குவோம். இப்போது ஒரு விற்பனையாளர், காரின் பின்னால் இழுத்துச் சென்று, கூரையை உயர்த்தி விரிக்கும் கித்தான் கூடார வண்டியான பாப்-அப் கேம்பர் ஒன்றை, 14,000 டாலர் விலையில், புதிதாகப் பத்தாண்டுக் கடனில் தருவதாகவும், ஓட்டல் செலவு மிச்சமாவதோடு வட்டிக்கு வரிச்சலுகையும் கிடைக்கும் என்றும் சொல்கிறார். எங்களிடம் இருப்பது டொயோட்டா சியன்னா மினிவேன். வாங்கலாமா?

பதில்: வரிச்சலுகையை முதலில் மறந்துவிடுங்கள். உறங்கவும் சமைக்கவும் வசதியும், கழிப்பறையும் இருந்தால்தான் ஒரு கேம்பர் வரிச்சட்டத்தில் இரண்டாவது வீடாகக் கருதப்பட்டு, வீட்டுக்கடன் வட்டியைப் போல அதன் வட்டியையும் கழித்துக்கொள்ள முடியும். சிறிய பாப்-அப்களில் பெரும்பாலும் கழிப்பறை இருப்பதில்லை. அது இருந்தாலும், தம்பதியராகச் சேர்ந்து கணக்குத் தாக்கல் செய்வோர் செலவுக் கணக்கு காட்டாமலே வருமானத்தில் கழித்துக்கொள்ளும் நிலையான கழிவே 2025ஆம் ஆண்டுக்கு 31,500 டாலர் என்பதால், அதற்கு மேல் தனித்தனிக் கழிவுகள் காட்டுவோருக்கு மட்டுமே அந்த வட்டியால் பயன் உண்டு.

கடனைப் பார்ப்போம். வட்டி 9 சதவீதம் என்று கொண்டால் மாதத் தவணை சுமார் 177 டாலர். பத்தாண்டுகளில் நீங்கள் கட்டுவது 21,000 டாலருக்கு மேல். ஆண்டுக்கு ஆண்டு மதிப்பிழக்கும் ஒரு பொருளுக்கு, அதன் கித்தான் துணி நைந்த பிறகும் தவணை கட்டிக்கொண்டிருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பழைய கேம்பரை ரொக்கத்தில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 6,000 டாலருக்கு வாங்கி ஐந்தாண்டு கழித்துப் பாதி விலைக்கு விற்றால் ஆண்டுக்கு 600 டாலர் இழப்பு. கேம்பரைக் காரோடு இணைக்கும் ஹிட்ச் கொக்கியைப் பொருத்தும் செலவு, காப்பீடு, டயர், பராமரிப்பு எல்லாம் சேர்த்து 520 என்று கொள்ளலாம். இதோடு நின்றால் 1,120 டாலர்தான். ஆனால் உங்கள் குடியிருப்புச் சங்கம் கேம்பரை வீட்டு வாசலில் நிறுத்த அனுமதிக்காவிட்டால், மாதம் 60 டாலர் வாடகைக்கு வெளியே நிறுத்தினாலும் ஆண்டுச் செலவு 1,840 ஆகிவிடும். ஆண்டுக்கு 12 இரவுகள் தங்கினால் ஓர் இரவுக்கு 153 டாலர். பூங்காவின் இடக்கட்டணம் சுமார் 40 டாலரையும் சேர்த்தால், நல்ல ஓட்டல் அறைக்கே போய்விடலாம். அதே கேம்பரைச் சொந்தக் கராஜில் நிறுத்தி 20 இரவுகள் பயன்படுத்தினால் எல்லாம் சேர்த்து 96 டாலர்தான்.

சொந்தக் கராஜ் என்பது வாடகையை மட்டும் மிச்சப்படுத்தும் இடமன்று. மழையில் நனைந்த கித்தானை மடித்து அப்படியே விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். வீடு திரும்பியதும் கேம்பரை விரித்து உலர்த்தியாக வேண்டும். வாடகை இடத்தில் அதற்கு வசதி கிடைப்பது அரிது.

இரவுகளின் எண்ணிக்கையையும் ஆசையை வைத்துப் போடாதீர்கள். மிச்சிகன் பூங்காக்களில் ஆறு மாதம் முன்னதாகவே முன்பதிவு தொடங்கிவிடுவதால், லடிங்டன், ஹாலண்ட் போன்ற ஏரிக்கரைப் பூங்காக்களின் ஜூலை வார இறுதிகளை ஜனவரியிலேயே பிடித்தாக வேண்டும். பூங்கா நுழைவுக்கான ரிக்ரியேஷன் பாஸ்போர்ட்டை நம்பர் பிளேட் புதுப்பிக்கும்போதே வாங்கிவிடலாம். அது பெரிய செலவன்று.

உங்கள் சியன்னா 3,500 பவுண்டு வரை இழுக்கும். பெரும்பாலான பாப்-அப்களுக்கு இது போதும். எனினும் ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் எடை வரம்பைப் பாருங்கள். நால்வரின் எடை, பின்புறச் சாமான்கள், ஹிட்ச்சின் மீது கேம்பர் அழுத்தும் எடை எல்லாம் அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும்.

ஆகவே வரும் கோடையில் ஒரு கேம்பரை வாடகைக்கு எடுத்து இரண்டு வார இறுதிகள் தங்கிப் பாருங்கள். பிடித்திருந்தால், பனிக்காலத்துக்கு முன் விற்றுவிட நினைப்போர் விலை குறைக்கும் அக்டோபரில், அவசரகாலச் சேமிப்பைத் தொடாமல் ரொக்கம் கொடுத்துப் பழையதை வாங்குங்கள். கூரையை முழுதாக உயர்த்தி இறக்கச் சொல்லுங்கள். கூரையின் மூலைகளையும் தரையையும் கையால் அழுத்துங்கள். எங்காவது மெத்தென்று அமுங்கினால் உள்ளே மரம் ஊறி உளுத்திருக்கிறது என்று பொருள். அந்தக் கேம்பருக்கு விலையே பேசாதீர்கள்.