துக்க வீட்டில் பாலன் குடில் கட்டலாமா?

கேள்வி: எங்கள் அம்மா ஓகஸ்டில் மோசம் போய்விட்டா. ஆண்டுத் திருப்பலி இன்னும் முடியாததால் இந்த முறை நத்தார் வேண்டாம், பாலன் குடிலும் கட்டக் கூடாது என்று பெரியம்மா சொல்கிறா. ஏழு வயது மகளோ ஒவ்வொரு நாளும் குடிலைக் கேட்கிறாள். எனக்கும் கொண்டாட மனமில்லை. ஆனால் குடிலையும் விட்டுவிடுவது சரியா?
– வாசகி, பாலையூற்று, திருகோணமலை

பதில்: அன்புத் தங்கச்சி, குடிலைக் கட்டுங்கள். மற்றதையெல்லாம் இந்த வருடம் விட்டுவிடலாம்.

பெரியம்மாவோடு கோபிக்க வேண்டாம். ஆண்டு முடியும் வரை எண்ணெய்ச் சட்டி வைக்காத, புது உடுப்பு எடுக்காத வழக்கம் நம் பக்கத்து வேதக்காரர் வீடுகளிலும் உண்டு. போனவரை மதிக்கிற முறை அது. கேக், பட்டாசு, மின்குமிழ் எதுவும் வேண்டாம். பிள்ளைக்குப் பலகாரம் பக்கத்து வீட்டு மாமி கொண்டுவந்து தருவா, அவ கோயிலுக்குப் போகிறவவாக இருந்தாலும் பள்ளிவாசல் குடும்பமாக இருந்தாலும்.

குடிலின் கதை வேறு. நத்தார் பகல் பூசையில் யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தை வாசிப்பார்கள்: ‘வாக்கு மனிதர் ஆனார், நம்மிடையே குடிகொண்டார்.’ கிரேக்க மூலத்தில் ‘குடிகொண்டார்’ என்ற இடத்தில் வரும் சொல்லுக்குக் கூடாரம் அடித்துத் தங்குதல் என்று பொருள். பசிக்கிற, நோகிற, ஒருநாள் செத்துப்போகிற உடம்பை எடுத்துக்கொண்டு கடவுள் நம் நடுவில் வந்து இருந்தார் என்பதுதான் நம் விசுவாசம். அப்படி வந்தவருக்குத் துக்க வீடு என்ன, தீட்டா?

மத்தேயு எழுதியதைத் தொடர்ந்து வாசித்துப் பாருங்கள். ஞானிகள் காணிக்கை வைத்துவிட்டுப் போன கையோடு, பெத்லகேம் குழந்தைகளைக் கொல்ல ஏரோது அரசனின் வாள் வருகிறது. பிள்ளைகளைப் பறிகொடுத்து ஆறுதல் பெற மறுக்கும் ராகேலின் அழுகை வருகிறது. அந்த மாசில்லாக் குழந்தைகளைத் திருச்சபை டிசம்பர் 28இல், நத்தார் எண்கிழமைக்குள்ளேயே, அதாவது நத்தார் தொடங்கி வரும் எட்டு நாளுக்குள்ளேயே, நினைவுகூருகிறது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு அடுத்த நாள், திருக்குடும்பத் திருவிழா. அந்த ஆண்டு அன்றைய பூசைக்குரிய நற்செய்தி, யோசேப்பு குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடிய பகுதி. அதே காலையில்தான் கடல் நம் கரைக்குள் ஏறியது. அதன் பிறகு மாதக்கணக்கில் கூடாரத்தில் இருந்த சனத்துக்கு, ‘கூடாரம் அடித்துத் தங்கினார்’ என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை.

எங்கள் அப்பா காலமான ஆண்டில் அம்மா குடில் மட்டும் கட்டினா. சீமெந்துப் பைக் கடதாசியைக் கசக்கி, சேறு பூசி மலையாக்கினா. குடிலுக்குப் புல்லாகச் சிரட்டையில் குரக்கன் முளை. நடுச்சாமப் பூசை முடிந்து வந்ததும், சீலைத் தலைப்பில் பொதிந்து வைத்திருந்த பாலன் சுரூபத்தை எடுத்து வைக்கோலில் கிடத்தினா. அடக்கத்தன்றுகூட அழாதவ, அப்போதுதான் வாய்விட்டு அழுதா. நாங்கள் யாரும் தடுக்கவில்லை. கன நேரம் கழித்து எழும்பிப் போய் எல்லாருக்கும் தேத்தண்ணி வைத்தா. அந்த நத்தாரை நான் இன்றுவரை மறக்கவில்லை.

ஆகவே, கொண்டாட மனமில்லை என்பதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம். சுவாமியாரிடம் சொல்லி, நத்தார்க் காலத்துப் பூசை ஒன்றில் அம்மாவின் பெயரைக் கருத்தாக வையுங்கள். பாலனைக் கிடத்தும் பொறுப்பை மகளிடம் கொடுங்கள். வைக்கோல் பரப்பப் பெரியம்மாவைக் கூப்பிடுங்கள். தங்கச்சியை இழந்தவ அவவும்தானே.

மாரி மழை விடாது, அதனால் முற்றத்தில் வேண்டாம், விறாந்தையில் கட்டுங்கள். குரக்கனைப் பத்து நாளைக்கு முன்னமே மகளைக் கொண்டு தூவிவிடுங்கள்.