டிரெய்லர் டயர்: கடைக்குப் போகும் முன் எடைமேடைக்குப் போங்கள்

வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கேம்பிங் டிரெய்லர் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

ஒற்றை அச்சு டிரெய்லர் ஒன்று செய்திருக்கிறோம். சாமான் ஏற்றினால் ஒரு டன் வரும் என்கிறார் பட்டறைக்காரர். காரிலிருந்து கழற்றிய 155/80 ஆர் 13 டயர்கள் நல்ல பட்டனோடு சும்மா கிடக்கின்றன. அவற்றையே மாட்டலாமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

மாட்டாதீர்கள். பட்டனை (சாலையைத் தொடும் மேல்பட்டையின் கட்டங்களை) பார்க்கும் முன், அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அந்த அளவு கார் டயரில் பெரும்பாலும் 79டி (79T) என்று இருக்கும். 79 என்பது சுமைக் குறியீடு: ஒரு டயர் 437 கிலோ தாங்கும். ‘டி’ வேகத்துக்கானது, மணிக்கு 190 கி.மீ. டிரெய்லருக்கு அந்த வேகத்தால் பயனில்லை.

ஒரு டன்னில் சுமார் 100 கிலோ கொக்கி வழியாக இழுக்கும் வண்டியின் மேல் இறங்கும். மீதி 900 கிலோவை இரண்டு டயர்கள் சுமக்க வேண்டும், அதாவது ஆளுக்கு 450. இங்கேயே 437 தோற்றுவிட்டது. போதாததற்கு, கார் டயரை டிரெய்லரில் போட்டால் அதன் தாங்குதிறனை 1.1 ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்க நடைமுறை. அப்படிப் பார்த்தால் மிஞ்சுவது 397 கிலோதான். டிரெய்லர் பட்டைவில்லில் குதித்துக் குதித்து வரும், வளைவில் பக்கவாட்டில் தேய்ந்தபடி திரும்பும். கார் டயரின் மெல்லிய பக்கச்சுவர் அப்போது நெளியும், பின்பகுதி ஆடத் தொடங்கும்.

‘ஒரு டன் வரும்’ என்ற வாய்க்கணக்கையும் நம்பாதீர்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் லோடுக்கும் கிரானைட் லோடுக்கும் எடைமேடைகள் இருக்கின்றன. தண்ணீர்த் தொட்டியை நிரப்பி (100 லிட்டர் என்றால் 100 கிலோ), கூடாரம், அடுப்பு, கட்டில் எல்லாம் ஏற்றி, வண்டியோடு கொக்கியில் மாட்டியபடியே டிரெய்லரின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்துங்கள். அடுத்து ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி இன்னொரு முறை எடை போடுங்கள். சமையல் பகுதி இருக்கும் பக்கம் எப்போதும் கனமாகவே இருக்கும்.

கனமான பக்கம் 480 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பாதுகாப்புக்காக அதோடு 20 சதவீதம் கூட்டினால் 576. ஆகவே 89 (580 கிலோ) அல்லது அதற்கு மேற்பட்ட குறியீடு வேண்டும். சிறு சரக்கு வண்டிகளுக்கு வரும் எல்டி (LT) டயர்களில் தேடுங்கள். 145 ஆர் 12, 8 பிளை (எட்டு அடுக்கு வலிமை) டயரில் வழக்கமாக 86/84 என்றிருக்கும். கோட்டுக்கு முன்னால் உள்ளது ஒற்றைச் சக்கரத்துக்கானது, பின்னால் உள்ளது இரட்டைச் சக்கரத்துக்கானது. 86 என்றால் 530 கிலோ, உங்களுக்குப் போதாது. தொட்டியை அச்சுக்கு நேர் மேலே, நடுவில் நகர்த்தி இரு பக்கத்தையும் 440க்குக் கொண்டுவந்துவிட்டால் இதே டயர் போதும். பெரிய டயர் வாங்குவதைவிட இது மலிவு. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 850 கிலோ தாங்கும் 185 ஆர் 14க்குத் தாவ வேண்டாம். குறைந்த சுமையில் அது கல்லாக நின்று, டிரெய்லரைத் தூக்கித் தூக்கிப் போடும்.

காருக்கு 32 பிடிக்கிறோம். டிரெய்லருக்கும் அதே காற்றுதானே?
– வாசகர், ஓசூர்

இல்லை. 8 பிளை டயர் தன் முழுச் சுமையையும் தாங்குவது பக்கச்சுவரில் அச்சிட்ட அழுத்தத்தில்தான். அது பெரும்பாலும் 65 பிஎஸ்ஐ-ஐ (காற்றழுத்த அலகு, நீங்கள் சொல்லும் 32-உம் இதில்தான்) ஒட்டி இருக்கும். அதில் 32 பிடித்தால் கனமான டயருக்குக் கொடுத்த பணம் வீண். பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி விரியும், உள்ளே சூடு ஏறும், அடுக்குகளை ஒட்டிய ரப்பர் விடும். டிரெய்லர் டயர் வெடிப்பதற்கு ஆணியைவிடக் குறைந்த காற்றே பெரிய காரணம்.

காலையில், வண்டி நகரும் முன் அளந்து பிடியுங்கள். ஓசூர்க் குளிரில் பிடித்த காற்று தர்மபுரி வெயிலில் சில பிஎஸ்ஐ ஏறிக் காட்டும். அதைத் திறந்து விடாதீர்கள், ஆறியதும் தானே இறங்கும்.

பலர் மறப்பது வால்வும் ரிம்மும். கார் ரிம்மில் வரும் சாதாரண ரப்பர் வால்வின் உச்சவரம்பு 65 பிஎஸ்ஐ. அந்த எல்லையில் ஓட்டுவதானால் உலோக வால்வு போட்டுவிடுங்கள். ரிம்மும் அந்த அழுத்தத்துக்கும் சுமைக்கும் ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள்.

வாங்கி 7 வருடம், ஓடியது மிகக் குறைவு. தொப்பூர் கணவாயில் இறங்கும்போது டயரின் மேல்பட்டை அப்படியே உரிந்துவிட்டது. ஏன்?
– வாசகர், பென்னாகரம்

டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகித்தான் சாகும். நின்றே கிடந்தால் ரப்பர் காய்ந்து உள்ளே பிடிப்பு தளரும். பட்டன் புதிதுபோல் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. தொப்பூர் இறக்கத்தில் டிரெய்லருக்கு பிரேக் இருந்தால் டிரம்மின் சூடும் ரிம் வழியாக டயருக்கு ஏறும். மேலேயே கீழ் கியருக்கு வந்துவிட்டு, மெதுவாக இறங்குங்கள்.

பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. வயதை அந்த நாளிலிருந்து எண்ணுங்கள், ரசீதுத் தேதியிலிருந்து அல்ல. 5 வருடத்துக்கு மேல் சந்தேகத்தோடு பாருங்கள், 6 ஆனால் மாற்றுங்கள். ஸ்டெப்னிக்கும் இதே கணக்கு. நிறுத்தி வைக்கும் மாதங்களில் அச்சைக் கட்டைமேல் ஏற்றி, டயரை வெயில் படாமல் மூடி வையுங்கள்.

ரேடியலா, நைலானா? நைட்ரஜன் தேவையா?
– வாசகர், பாலக்கோடு

நெடுஞ்சாலையில் நெடுந்தூரம் என்றால் ரேடியல் (உள் இழைகள் நேர்குறுக்காக ஓடும் டயர்), சூடு குறைவு. தோட்டத்துக்குள்ளேயே மெதுவாக ஓடுவதற்கு நைலான் (இழைகள் சாய்வாகக் குறுக்கிடும் டயர்) போதும். ஒரே அச்சில் ஒரு பக்கம் அது, மறுபக்கம் இது என்று கலக்கக் கூடாது. ரீட்ரேடு (பழைய டயரில் புது மேல்பட்டை ஒட்டியது) வேண்டாம். நைட்ரஜன் கெடுதல் இல்லை, ஆனால் மாதம் ஒருமுறை அளந்து பிடிக்கும் சாதாரணக் காற்றே போதும்.

புது டயர் மாட்டியதும் கவனிக்க வேண்டியது?
– வாசகர், ஊத்தங்கரை

நட்டுகளை எதிரெதிராக முடுக்குங்கள். 50 முதல் 80 கி.மீ. ஓடியதும் மறுபடி முடுக்க வேண்டும். தர்மபுரியிலிருந்து கிளம்பினால் ஒகேனக்கல் போய்ச் சேர்ந்ததும் அதை முதல் வேலையாகச் செய்யுங்கள். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே, முழுச் சுமையில் வில் அமுங்கும்போதும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். நிற்கும் இடத்திலெல்லாம் இரண்டு டயரையும் இரண்டு ஹப்பையும் (சக்கரத்தின் நடுக்குடம்) புறங்கையால் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு டயர் மட்டும் சுட்டால் காற்று குறைந்திருக்கிறது அல்லது சுமை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. ஹப் சுட்டால் பேரிங்கில் கிரீஸ் தீர்ந்திருக்கலாம், பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டும் இருக்கலாம். டயரை மாற்றினால் அது சரியாகாது.