121-க்கு உங்கள் மகள் சொன்ன பதில்

"பொழுதுபோக்காகப் பலகையில் டார்ட்ஸ் அம்பு எறியட்டும் சார், படிப்பு கெட்டுவிடக் கூடாது இல்லையா?" என்று கேட்டீர்களே அம்மா, "இன்னும் வயசு இருக்கிறது" என்று சமாதானம் சொல்லி அனுப்பினேன். அது பாதி பதில்தான்.

உங்கள் அண்ணன் பிடித்துவைத்திருக்கும் என்ஜினீயரிங் சீட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். அந்தப் பேச்சு வந்ததும் அவள் தலை குனிந்துவிட்டது. டார்ட்ஸில் ஒரு முறைக்கு மூன்று டார்ட்; ஆட்டத்தை முடிக்க மிச்சப் புள்ளியைச் சரியாகப் பூஜ்யமாக்க வேண்டும். ட்ரிப்பிள் மூன்று மடங்கு, டபுள் இரு மடங்கு, நடுவிலுள்ள புல் 50; கடைசி டார்ட் டபுளிலோ புல்லிலோ விழவேண்டும். "121 மிச்சம், என்ன எறிவாய்?" என்றேன். தலை நிமிர்ந்தது. "ட்ரிப்பிள் 20, ட்ரிப்பிள் 11, டபுள் 14." முதல் டார்ட் ஒற்றை 20-இல் விழுந்தால்? "101. ட்ரிப்பிள் 17, புல்." உங்கள் அண்ணன் மேசைக்கடியில் கால்குலேட்டரைத் தட்டிச் சரிபார்த்ததையும் கவனித்தேன்.

இதற்காக நேரே க்யூ-ஸ்கூலுக்கு, அதாவது டூர் கார்டுக்கான தகுதிப் போட்டிக்கு, விமானம் ஏற்றச் சொல்லவில்லை. தொழில்முறை டார்ட்ஸ் அமைப்பான பிடிசியின் போட்டிகளில் ஆட உரிமை தரும் டூர் கார்டு 128 பேருக்குத்தான். கிடைத்தாலும் ஆயுள் இரண்டு வருடம். அதன் முடிவில் தரவரிசையில் முதல் 64-க்குள் இல்லையென்றால் பெரும்பாலும் பறிபோகும். கார்டு உள்ளவர்கள் ஆடும் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் தொடரில் முதல் ஆட்டத்திலேயே தோற்றால் ஒரு பவுண்டுகூட வராது. பயணம், அறை வாடகை எல்லாம் கைக்காசு.

யாரும் உங்களிடம் சொல்லாத வழி டெவலப்மென்ட் டூர், பிடிசியின் இளையோர் போட்டித் தொடர். 16 முதல் 24 வயதுவரை ஆடலாம். ஆண், பெண் என்ற பிரிவு கிடையாது. ஒரே வார இறுதியில் பல போட்டிகள் நடக்கும். காலையில் தோற்றவள் அடுத்த போட்டியில் புதிதாகத் தொடங்கலாம், பயணச் செலவு ஒன்றுதான். ஆண்டு முடிவில் பரிசுப்பணப் பட்டியலில் முன்னால் நிற்பவர்களுக்கு டூர் கார்டே கிடைக்கும். போ கிரீவ்ஸ் என்ற பெண் 2026-க்கான கார்டைப் பிடித்தது இப்படித்தான்.

செலவில் மட்டும் நான் கறார். என்ஜினீயரிங் முதல் வருடத்துக்கு எடுத்துவைத்த தொகைதான் அவள் ஆடிப்பார்க்கும் இரண்டு வருடத்துக்கும் வரம்பு. கடன் கூடவே கூடாது. லூக் லிட்லர் 17 வயதில் உலக சாம்பியனாகி 5 லட்சம் பவுண்டு வாங்கினாரே என்பாள். அந்தக் கணக்கில் வீட்டை அடமானம் வைக்காதீர்கள். கூடவே, அவள் வாய்விட்டுக் கேட்ட புள்ளியியலை அஞ்சல்வழியில் படிக்கட்டும்.

மூன்று டார்ட்டும் ட்ரிப்பிள் 20-இல் விழுந்து 180 அடித்த வீடியோ எனக்கு வேண்டாம். பலகையிலிருந்து 2.37 மீட்டர் கோட்டில் நின்று டபுள் 20-க்குத் தினமும் 100 எறியட்டும். எத்தனை விழுந்தது என்று தேதி போட்டு எழுதட்டும், மோசமான நாளையும் சேர்த்து. மூன்று மாதம் கழித்து அந்த நோட்டோடு வாருங்கள். அண்ணன் வரவேண்டாம்.