கொசு எச்சிலுக்கு எதிரான எதிர்ப்புச் சக்தி மலேரியாவைத் தடுக்குமா?

கொசுக்கடி பழகிப்போன உடம்புக்கு மலேரியா வராதா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படி நம்பி இருந்துவிடாதீர்கள், பழகினாலும் வரும்.

பெண் அனோபிலிஸ் கொசு தோலில் குத்தியதும் எச்சிலை உள்ளே விடுகிறது. ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் புரதங்கள் அதில் இருக்கின்றன. மலேரியா ஒட்டுண்ணியும் அதே எச்சிலோடுதான் தோலுக்குள் இறங்கி, அங்கிருந்து கல்லீரலுக்குப் போகிறது. அந்தப் புரதங்கள் நம் உடம்புக்கு அந்நியம் என்பதால், அவற்றை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி) ரத்தத்தில் உருவாகின்றன. தடிப்பும் அரிப்பும் இந்த எதிர்வினையில் சுரக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளால் வருபவை. ஆனால் இந்த எதிர்ப்பொருள்களின் குறி எச்சில் புரதம்தான், ஒட்டுண்ணி தப்பித்துவிடலாம்.

சரி, அப்போது பயனே இல்லையா? இருக்கிறது. ஜிஎஸ்ஜி6 என்ற எச்சில் புரதத்துக்கான எதிர்ப்பொருளை ரத்தத்தில் அளந்தால், ஒருவர் அனோபிலிஸிடம் எவ்வளவு கடிபட்டிருக்கிறார் என்று கணிக்கலாம். கடி குறைந்தால் அந்த அளவும் இறங்கும். கொசுவலை உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க இது அருமையான வழி.

அப்புறம் தடுப்பூசி. ஏஜிட்ரியோ என்ற எச்சில் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் எலிகளில் தொற்றைக் குறைத்திருக்கிறது. எச்சில் புரதத் துண்டுகளால் செய்த ஏஜிஎஸ்-வி தடுப்பூசியின் முதற்கட்டச் சோதனை 2017இல் அமெரிக்காவில் மனிதர்களிடம் தொடங்கியது. அதில் பார்த்தது பாதுகாப்பையும் எதிர்ப்பு உருவாவதையும்தான்.