எலும்பும் கணக்கும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எம்.இ. இறுதியாண்டு படிக்கிறேன். இடுப்பெலும்பு முறிவில் இரண்டு டைட்டானியம் ஸ்க்ரூக்கள் பொருத்தியது போல் ஒரு கணினி மாதிரி செய்திருக்கிறேன். மேலிருந்து 600 நியூட்டன் விசை கொடுத்தால், ஸ்க்ரூவின் ஒரு புள்ளியில் 1,900 மெகாபாஸ்கல் தகைவு (ஸ்ட்ரெஸ்) காட்டுகிறது. மெஷ்ஷை, அதாவது கணக்குக்காக மாதிரியைப் பிரித்திருக்கும் சிறு கட்டங்களைச் சிறிதாக்கினால் இன்னும் ஏறுகிறது. ஸ்க்ரூ உடைந்துவிடும் என்று அறிக்கையில் எழுதலாமா?
(திருச்சியிலிருந்து ஒரு மாணவி)

பதில்: எழுதாதீர்கள் அம்மா. மெஷ்ஷைச் சிறிதாக்கச் சிறிதாக்க ஏறிக்கொண்டே போகும் எண், ஸ்க்ரூவைப் பற்றி எதையும் சொல்லவில்லை. எங்கோ ஒரு கூரான மூலை இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. உண்மையான உலோகம் சுமார் 800 மெகாபாஸ்கலிலேயே இளகி வளையத் தொடங்கிவிடும். கணினிக்கு நீங்கள் அதைச் சொல்லவில்லை, அதனால் அது மேலே ஏறிக்கொண்டே போகிறது. அந்த ஒற்றைப் புள்ளியை விட்டுவிட்டு, முறிவின் இரு விளிம்புகளும் ஒன்றையொன்று விட்டு எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தன என்று பாருங்கள். மெஷ்ஷை மாற்றினாலும் அது மாறாமல் நின்றால் அதை எழுதுங்கள். அறுவை மருத்துவர் கேட்பதும் அதைத்தான்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் எனக்குக் கவலை. உடைந்த இரு துண்டுகளும் தொடும் இடத்தில் என்ன கொடுத்திருக்கிறீர்கள்? என் முதல் மாதிரியில் ஸ்க்ரூவின் தகைவு 11 மெகாபாஸ்கல்தான் வந்தது. எவ்வளவு பத்திரமான சிகிச்சை என்று மகிழ்ந்து, வண்ணப் படத்தை அச்செடுத்து ஓர் எலும்பு மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் வண்ணங்களைப் பார்க்கவே இல்லை. முறிவுக் கோட்டின் மேல் பேனா முனையை வைத்து, “இது உடைந்த எலும்புதானே, ஏன் பிளவே தெரியவில்லை?” என்று கேட்டார். திரும்பி வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: மென்பொருள் தானாகவே இரு துண்டுகளையும் ஒட்டிவைத்திருந்தது. முறிவே இல்லாத எலும்பில் ஸ்க்ரூவுக்கு என்ன வேலை? ஒட்டியதை நீக்கி, உராய்வுக் குணகம் 0.3 என்று கொடுத்ததும் சுமை ஸ்க்ரூவின் மேல் ஏறியது. அன்றிலிருந்து எந்த மாதிரியைப் பார்த்தாலும் நான் முதலில் திறப்பது தொடுபரப்புப் பட்டியலைத்தான்.

அடுத்தது எலும்பு. இடுப்பு ஒரு வளையம். கண்ணாடி வளையல் ஒரே இடத்தில் மட்டும் உடைந்து பார்த்திருக்கிறீர்களா? பின்பக்கம் முதுகெலும்பின் அடியில் இருக்கும் சேக்ரத்தில் முறிவு என்றால் முன்பக்கம் பூப்பெலும்பிலும் (பியூபிஸ்) அனேகமாக முறிவோ விலகலோ இருக்கும். சி.டி. படத்தை இன்னொரு முறை பாருங்கள். முன்பக்கத்தை முழுதாக விட்டிருந்தால் உங்கள் மாதிரி நோயாளியைவிட உறுதியானதாகிவிடும்.

எலும்பின் கெட்டியான வெளிப்பகுதியான புறணி எலும்பின் யங் குணகம், அதாவது விறைப்பின் அளவு, சுமார் 17 கிகாபாஸ்கல். உள்ளே இருக்கும் பஞ்சு எலும்பு அதில் நூறில் ஒரு பங்கும் தேறாது. அதற்குள் செல்லும் டைட்டானியம் உலோகக்கலவை 110. இந்த வேறுபாடுதான் எல்லாவற்றுக்கும் மூலம்: தளர்ந்த எலும்பில் ஸ்க்ரூ உடைவதற்கு முன்பே பிடி விட்டுப்போகும். அதனால் பஞ்செலும்புக்கு எல்லா இடத்திலும் ஒரே எண் கொடுக்காமல், சி.டி. படத்தின் சாம்பல் நிற அடர்த்தியிலிருந்து இடத்துக்கு இடம் எடுத்துக்கொடுங்கள். இடுப்பெலும்பின் அகன்ற இறக்கையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுவில் ஒளி ஊடுருவும், அத்தனை மெல்லியது. சி.டி.யிலிருந்து எலும்பைப் பிரித்தெடுக்கும்போது மென்பொருள் அங்கே ஓட்டை போட்டுவிடும். அதைக் கையால்தான் மூட வேண்டும். பொறுமை வேண்டிய வேலை, அவசரப்பட்டால் எலும்பு தடித்துவிடும்.

அறுவைக்குப் பிந்தைய சி.டி.யில் உலோகம் நட்சத்திரக் கோடுகளாகச் சிதறும். முந்தைய சி.டி.யை எடுத்து, துண்டுகளைத் திரையில் பொருத்தி, 7.3 மில்லிமீட்டர் ஸ்க்ரூவை நீங்களே வரைந்து செலுத்துவது நல்லது. மரையில்லாத உருளையாக வரைந்தால் போதும், பிடி விடுவதை ஆராயாதவரை. எலும்புகளை ஒன்றோடொன்று கட்டிவைக்கும் நார்களான லிகமென்ட்களை மறந்துவிடாதீர்கள். அவை இல்லாமல் சேக்ரம் நிற்காது.

கேள்வி: லாரி விபத்தில் என் தம்பிக்கு இடுப்பில் இரண்டு ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். எட்டு வாரம் அந்தக் காலை ஊன்றக் கூடாது என்கிறார் மருத்துவர். வலியே இல்லை, ஸ்க்ரூ இருக்கிறதே என்று தம்பி அடம்பிடிக்கிறான். கணினிக் கணக்கு என்ன சொல்கிறது?
(நாமக்கல்லிலிருந்து ஓர் அண்ணன்)

பதில்: மருத்துவர் சொல்வதைக் கேட்கச் சொல்லுங்கள். பெர்லினில், செயற்கை இடுப்பு மூட்டுக்குள்ளேயே அளவுக்கருவி வைத்து, நோயாளிகளை நடக்கவிட்டு அளந்திருக்கிறார்கள். சாதாரண நடையிலேயே மூட்டின் மேல் உடல் எடையைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு விசை விழுகிறது. அறுபது கிலோ ஆளுக்கு நூற்றைம்பது கிலோ, ஒவ்வோர் அடிக்கும். கட்டுக்கம்பியை ஒருமுறை வளைத்தால் உடையாது. முன்னும் பின்னுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் கையோடு வந்துவிடும். ஸ்க்ரூ போட்டது எலும்பு சேரும்வரை துண்டுகளைப் பிடித்து வைக்கத்தான், எலும்புக்குப் பதிலாகச் சுமக்க அல்ல. எலும்பு எந்த வாரம் சேரும் என்பதை என் மாதிரி சொல்லாது. எக்ஸ்ரேயைப் பார்த்து மருத்துவர்தான் சொல்வார். வாக்கரைத் தம்பியின் கட்டிலருகே, கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். இரவில் கழிப்பறைக்குத் தனியாக எழுந்து போகவிடாதீர்கள்.

கேள்வி: இதற்கெல்லாம் விலையுள்ள மென்பொருள்தான் வேண்டுமா?
(மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: வேண்டியதில்லை. சி.டி.யிலிருந்து எலும்பைப் பிரித்தெடுக்க 3டி ஸ்லைசர், கணக்கிட ஃபெபயோ. இரண்டும் இலவசம். முதலில் முறிவில்லாத முழு இடுப்பைச் செய்து பாருங்கள், ஸ்க்ரூ பிறகு.