போஸ்ட்பெய்டு பில்லும் மைத்துனரின் போனும்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 31,000 ரூபாய். நான், மனைவி, அம்மா, மனைவியின் தம்பி ஆகிய நால்வரின் எண்களும் என் பெயரில் ஒரே போஸ்ட்பெய்டு குடும்பத் திட்டத்தில் உள்ளன. திட்டத்தின் மாத வாடகை 1,200 ரூபாய், வரியோடு 1,416. அது கிரெடிட் கார்டிலிருந்து தானாகவே கட்டப்பட்டுவிடும். கார்டில் இப்போது 58,000 ரூபாய் பாக்கி. குறைந்தபட்சத் தொகையை ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுகிறேன். இரண்டு தீபாவளிக்கு முன் மைத்துனருக்கு 42,000 ரூபாய்க்கு போன் வாங்கிக் கொடுத்ததைத் தவிர அந்தக் கார்டில் வேறு எதுவும் வாங்கவில்லை. மாதம் 4,000 தருவதாகச் சொன்னவர் இரண்டு மாதம் தந்ததோடு நிறுத்திவிட்டார். ஓராண்டாக மாதம் 2,000 ரூபாய் டிஜிட்டல் தங்கத்தில் போடுகிறேன். செலவு கையைக் கடிக்கிறது. எல்லோரும் பிரீபெய்டுக்கு மாறிவிடலாமா?

பதில்: மாறலாம். ஆனால் அதனால் எவ்வளவு மிச்சமாகும் என்று பார்த்துவிடுவோம். இப்போது தொலைபேசிக்கு ஆண்டுக்குச் சுமார் 17,000 ரூபாய் போகிறது. பிரீபெய்டில் தினம் ஒன்றரை ஜிபி தரும் 84 நாள் திட்டம் 800 முதல் 900 ரூபாய்க்குள் கிடைக்கிறது. 860 என்று வைத்துக்கொள்வோம். 84 நாளை மூன்று மாதம் என்று எண்ணி நாலு ரீசார்ஜோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள் பலர். நாலு முறை போட்டாலும் 336 நாள்தான். மீதி 29 நாளுக்குத் தனியாகப் பணம் வேண்டும். 28 நாள் திட்டத்திலும் இதே கதைதான், ஆண்டுக்குப் பதின்மூன்று ரீசார்ஜ். 30 நாள் திட்டம் ஒன்றும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் ஒவ்வொரு நிறுவனமும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022-இல் உத்தரவிட்டதே இந்தக் கணக்கால்தான். ஆக ஒருவருக்கு ஆண்டுக்கு 3,740 ரூபாய், நால்வருக்கு ஏறத்தாழ 15,000. மிச்சம் 2,000 ரூபாய். மாதத்துக்கு 170 ரூபாய்கூட இல்லை.

இப்போது கார்டுக்கு வாருங்கள். நீங்கள் அனுப்பிய அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் மாத வட்டி 3.5 சதவீதம் என்று இருக்கிறது. 58,000-க்கு அது 2,030 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, அது 365. இரண்டும் சேர்ந்தால் மாதம் 2,400 ரூபாய். நீங்கள் தவறாமல் கட்டும் குறைந்தபட்சத் தொகை 2,900. அதாவது அசலில் 500 ரூபாய் குறைகிறது. அதே மாதம் தொலைபேசி பில் 1,416 ரூபாய் அதே கார்டில் ஏறுகிறது. ஆக, ஒழுங்காகக் கட்டுகிறோம் என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும் ஒவ்வொரு மாதமும் கடன் 900 ரூபாய்க்கு மேல் வளர்கிறது.

மைத்துனரின் போன் பாக்கி 34,000 இரண்டு ஆண்டில் 58,000 ஆனதில் மர்மம் ஏதுமில்லை. மாதம் ஆயிரம் வீதம் கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். இன்னொன்று: முழுத் தொகையையும் கட்டாமல் பாக்கி வைத்திருப்பவருக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது. உங்கள் தொலைபேசி பில்லுக்கு அது கார்டில் ஏறிய நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. ஆண்டுக்கு 42 சதவீத வட்டியில் கடன் வாங்கித்தான் நால்வரும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

எனவே முதல் வேலை, இந்த வாரமே, கார்டிலிருந்து பில் தானாகப் போவதை நிறுத்துவது. தொலைபேசி நிறுவனத்தின் ஆப்பிலும் நிறுத்துங்கள், கார்டு வங்கியிலும் அந்த அனுமதி ரத்தாகிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டிஜிட்டல் தங்கம். உங்கள் வயதுக்காரர்கள் பாதிப் பேர் இதைப் பெரிய சேமிப்பு என்று எழுதுகிறார்கள். வாங்கும்போதே 3 சதவீத ஜிஎஸ்டி, விற்கும் விலைக்கும் வாங்கும் விலைக்கும் இடையே ஒரு வித்தியாசம். இரண்டையும் கழித்த பிறகுதான் உங்கள் லாபம் தொடங்குகிறது. ஆப்பில் விற்கும் இந்தத் தங்கம் தன் கட்டுப்பாட்டுக்குள் வராது என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2025 நவம்பரில் எச்சரித்தும்விட்டது. இது எதுவுமே இல்லாவிட்டாலும், 42 சதவீதத்துக்குக் கடனை வைத்துக்கொண்டு இன்னொரு பக்கம் தங்கம் சேர்ப்பதில் என்ன பொருள் இருக்கிறது? போட்டது 24,000 ரூபாய். தங்கம் ஏறியிருந்தால் கொஞ்சம் கூடுதலாகவே வரும். விற்றுக் கார்டில் கட்டுங்கள். மிஞ்சுவது 34,000.

அந்த 34,000-க்கு வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன் வாங்குங்கள். ஒரு பவுன் போதும். வட்டி ஆண்டுக்குப் பத்து சதவீதத்தை ஒட்டியிருக்கும். அதைவிட மிகக் கூடுதலாக இருந்தால் வேறு கிளைக்குப் போங்கள். விளம்பரப் பலகை வைத்து "ஐந்தே நிமிடத்தில் பணம்" என்று அழைக்கும் கடைகளின் பக்கம் போக வேண்டாம். குறைந்தபட்சத் தொகை 2,900, தங்கத்தில் போட்ட 2,000, இரண்டையும் சேர்த்து அதிலிருந்து தொலைபேசிச் செலவைக் கழித்தால் மாதம் 4,000 ரூபாய்க்கு மேல் கடனுக்குக் கட்டலாம். ஆண்டு முடிவில் மொத்தமாகக் கட்டிக்கொள்ளலாம் என்பார்கள். கேட்காதீர்கள், மாதாமாதம் கட்டுங்கள். ஒன்பது மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். மொத்த வட்டி 1,300 ரூபாய் அளவில்தான் இருக்கும். கார்டு ஒரே மாதத்தில் கேட்பது அதைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு. மனைவியிடம் நகையைக் கேட்பதற்கு முன் இந்தக் கணக்கைக் காட்டிவிடுங்கள். தம்பிக்கு வாங்கிய போன்தான் இதற்கெல்லாம் ஆரம்பம் என்பது அவருக்கும் தெரிய வேண்டும்.

மைத்துனரிடம் 34,000-ஐத் திருப்பிக் கேட்பதும் விடுவதும் உங்கள் குடும்ப விஷயம், அதில் நான் தலையிடவில்லை. எண் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அவர் கையில் இருக்கும் எண் உங்கள் பெயரில் இருக்கிறது. அதை வைத்து ஏதாவது வில்லங்கம் நடந்தால் காவல்துறை முதலில் தேடி வருவது பெயருக்கு உரியவரைத்தான். தொலைபேசி நிறுவனத்தின் கடைக்கு இருவரும் ஆதாரோடு போய் எண்ணை அவர் பெயருக்கு மாற்றிக்கொடுங்கள். வேறு நிறுவனத்துக்குப் போகிறேன் என்றாலும் போஸ்ட்பெய்டு பாக்கி இருந்தால் போர்ட் செய்ய விடமாட்டார்கள் என்பதால் இந்த மாத பில்லை முடித்துவிட்டே மாற்றுங்கள். அப்படியே மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் உங்கள் பெயரில் மொத்தம் எத்தனை எண்கள் இருக்கின்றன என்றும் பாருங்கள். ஒருவர் பெயரில் ஒன்பது வரை அனுமதி. கேட்டவர்களுக்கெல்லாம் சிம் வாங்கிக் கொடுத்த பழக்கம் இருந்தால் எண்ணிக்கை உங்களையே திடுக்கிட வைக்கும்.

சரி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். நீங்களும் மனைவியும் பிரீபெய்டுக்கு மாறுங்கள். ஓடிபி போட்டாலே மாறிக்கொள்ளலாம், எண் மாறாது. போஸ்ட்பெய்டு எடுத்தபோது முன்பணம் கட்டியிருந்தால் மறக்காமல் திரும்பக் கேளுங்கள். அலுவலகம் பில்லைத் திருப்பித் தருகிறது என்றாலோ, ரீசார்ஜ் தேதி தவறி எண் நின்றால் தொழில் கெடும் என்றாலோ போஸ்ட்பெய்டு நல்லது. உங்களுக்கு இரண்டும் இல்லை. கடைசியில் பில் வரும், எவ்வளவு வந்தாலும் கார்டு பார்த்துக்கொள்ளும் என்ற ஏற்பாடு உங்களுக்கு ஆகாது.

அம்மா பட்டன் போனில் பேச மட்டும் செய்கிறவர் என்றால் அவருக்கு ஜிபி எதற்கு? பேசவும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான ரீசார்ஜ் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதித்த பிறகு, ஓராண்டுத் திட்டங்கள் 1,800 ரூபாய் அளவில் வந்துவிட்டன. கடைக்காரர் தானாகச் சொல்லமாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். மூவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 9,300 ரூபாயில் முடியும்.

கார்டைக் கட்டும் நாளில் வங்கிக்கு போன் செய்து அன்றைய தேதிக்கு மொத்தம் எவ்வளவு என்று கேட்டுக் கட்டுங்கள். அறிக்கையில் இருக்கும் தொகையை மட்டும் கட்டினால் இடைப்பட்ட நாட்களின் வட்டி அடுத்த அறிக்கையில் சில நூறு ரூபாயாக வந்து நிற்கும். வந்தால் அதையும் கட்டிவிட்டு, கார்டின் வரம்பை 20,000-க்குக் குறைக்கச் சொல்லி எழுதிக்கொடுங்கள். அடுத்த தீபாவளிக்கு மைத்துனர் புது போன் கேட்டால், வரம்பு இல்லை என்று சொல்ல உங்களுக்கும் வசதியாக இருக்கும்.